உப்புக் கணக்கு

கடல்நீர் காய்ச்சுகிறவளிடம்
அரசன் மாறிவிட்டான் என்று
யாரும் வந்து சொல்வதில்லை.
வரி கேட்கிறவனின் பேச்சு மாறும்,
அதில் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஃபோர்த் கழிமுகத்துக்கு
ஹெர்ரிங் மீன் வந்த மாதம்
டிரம்கார் கோட்டையின் மேல் வேறு துணி பறந்தது.
காற்று அதே காற்று.

நான் பெத்தோக்.
ஈயத் தட்டு இரண்டு,
கரையில் பொறுக்கிய நிலக்கரி ஒரு குவியல்,
பெர்விக் சந்தைக்குப் போய்த்
திரும்பாத புருஷன் ஒருவன்.
அந்த வாரம் அந்த ஊரிலிருந்து தப்பி வந்தவர்கள்
முதலில் தண்ணீர் கேட்டார்கள்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை,
ஒன்றும் சொல்லவுமில்லை.

தட்டு கொதிக்கும்போது
மாட்டு ரத்தம் ஒரு கரண்டி விடுவோம்.
அழுக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு
அது நுரையாய் மேலே வரும்.
வழித்தெறிந்தால் அடியில் வெள்ளை.
ரகசியமொன்றும் இல்லை,
இந்தக் கரை முழுக்கத் தெரிந்ததுதான்.

கோட்டையிலிருந்து உப்புக்கு வருகிறவன் ஹேமோ.
ஹோல்டர்னெஸ் பக்கத்துப் பையன்.
இடது காதில் எப்போதும் சீழ்.
ஓர் ஆளின் குளிர்காலத்து உப்புக்கு
ஹேசல் கம்பில் ஒரு கோடு கீறுவான்.
கம்பை நெடுக்கப் பிளந்து
பாதியை என்னிடம் தருவான்.
சேர்த்துப் பிடித்தால் கோடுகள் பொருந்தும்.
இரண்டு நாட்டுக்கும் நடுவில்
வேறெதுவும் அப்படிப் பொருந்தி
நான் பார்த்ததில்லை.

மார்ட்டின் திருநாள். மாடு அறுக்கிற காலம்.
போன வருஷம் நாற்பது கோடு.
இந்த வருஷம் பதினேழில் நிறுத்திக்
கத்தியை உறையில் போட்டான்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்" என்றான்
காதைத் துடைத்தபடி.

அன்றிரவு என் பாதிக் கம்பு
கரி மூட்டைக்குள் படுத்துக்கொண்டு
காட்டுக்குப் போனது.
டுதக்கின் ஆட்கள் எழுத்தறியாதவர்கள்.
கோட்டை எண்ணத் தெரியும்.
எண்ணிய பிறகு
கோட்டையைப் பிடிக்கவும்.

மூன்றாம் நாள், உறைபனியில்,
கயிற்றேணி போட்டு ஏறினார்களாம்.
எனக்குக் கேட்டது ஒரு நாய்.
அதுவும் சீக்கிரமே நின்றுவிட்டது.

விடியுமுன் கரிக்கொட்டகையில் இருமல்.
ஹேமோ.
ஒரு காலில் செருப்பில்லை,
கையில் அவன் பாதிக் கம்பு.
வாளைப் போட்டுவிட்டு ஓடியவன்
இதை ஏன் எடுத்துவந்தானோ.
என்னைப் பார்த்தான்.
நான் ஆணியில் எப்போதும் மாட்டிவைக்கிற
கயிற்றுக் கண்ணியைப் பார்த்தான்.
"உன் பாதி எங்கே?"

எத்தனையோ பொய்
நாக்குவரை வந்தது.
கரண்டியை எடுத்து நுரை வழித்தேன்.
வழிக்க நுரையே இல்லை அப்போது.
அவன் எழுந்து வந்து
தன் பாதியைத் தட்டுக்கடியில் செருகினான்.
பச்சைக் கம்பு, புகைந்துதான் எரிந்தது.
இரண்டு பேருக்கும் கண் எரிந்தது,
புகை என்று வைத்துக்கொண்டோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள்.
உப்பிட்டவள் யாரை நினைக்க வேண்டும்,
அதை ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் டுதக் வந்தான்.
முழங்கைவரை காய்ந்த கறுப்பு.
"பதினாறுதான் தேறுகிறது, பெத்தோக்."
மண்டியில் மீன்படகு ஒன்று குறைவதை
அவன் இன்னும் பார்க்கவில்லை.
"எவனாவது ஒருத்தன்
உப்பு அதிகம் தின்பவனாக இருந்திருப்பான்."
சிரித்துவிட்டுப் போனான்.
சிரிக்கிற அளவுக்கு
அது நல்ல காலைதான் அவர்களுக்கு.
எனக்கும்தான், பாதி.

பிறகு கோட்டையை இடித்தார்கள், நம் ஆட்களே.
எதிரி திரும்பி வந்தால்
ஒண்டச் சுவர் இருக்கக் கூடாதாம்.
வாசற்படிக் கல்லை நான் உருட்டிவந்து
அடுப்புக்கு முட்டுக் கொடுத்தேன்.
சூடு நன்றாய்ப் பிடிக்கிறது.

இப்போது வரிக்கு வருகிறவன்
என் பேச்சில்தான் கேட்கிறான்.
தொகை மாறவில்லை.
கம்பு எங்கே என்று கேட்டால்
எதற்கு,
நினைவிருக்கும் என்கிறான்.